எழுநூற்றைம்பது வாட்

லாபிஸில் மாலை நாலு மணி மழைக்கு
யாரும் ஆச்சரியப்படுவதில்லை.
அன்றைக்கு அது ஆலைப் பக்கத்து மின்கம்பத்தில் இறங்கி
எங்கள் வரிசையில் மூன்று வீடுகளுக்குள் வந்தது.
முதல் வீட்டில் டிவி.
நடு வீட்டில் ஐஸ்பெட்டி.
என் வீட்டில்
பிளக்கைப் பிடுங்க நான் ஓடிய நாலு எட்டுக்குள்
கணினியின் அடிவயிற்றில் ஒரு 'டப்'.
அப்புறம் கருகின வெங்காய வாசம்.

முந்நூற்று எழுபத்தொன்பது வெள்ளி.
எடை மேடையில் ஐந்து ஞாயிறு
குலை லாரிகளை ஏற்றி இறக்கிய ஓவர்டைம்.
'லயம், கடைசி வீடு' என்று முகவரி போட்டால்
பொட்டலம் வருவதில்லை;
சடையப்பன் மினி மார்க்கெட்டில்
அரிசி மூட்டைமேல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தது.
"மிக்ஸியா?" என்றார்.
ஆமாம் என்றேன்.
சொல்லத் தொடங்கினால் கடை சாத்தும் நேரமாகிவிடும்.

இரவு ஒன்பதரை. கொசுவர்த்தி. சமையலறைத் தரை.
தம்பி மேகவர்ணன் கைப்பேசி விளக்கைப் பிடித்தான்;
ஐந்தாவது நிமிடம் வெளிச்சம்
சுவரில் ஒரு பல்லியைப் பார்க்கப் போய்விட்டது.

பழையதை உருவினேன்.
பாதிக் கம்பி கழலும், பாதி உடம்போடு பிறந்தது.
கணவாய் மாதிரி கால்களை இழுத்துக்கொண்டு வந்தது.
புதியது அப்படியில்லை.
வெறும் பெட்டி, முதுகில் துளைகள்.
கம்பிகள் தனியே ஒரு கறுப்புப் பையில்.
வேண்டியதை மட்டும் செருகு,
மற்றது பையிலேயே கிடக்கட்டும்.
உனக்கு எது வேண்டும் என்று
இந்த வீட்டில் எந்தப் பொருளும்
இதுவரை என்னைக் கேட்டதில்லை.

விசிறி கீழ்நோக்க, உள்ளே தள்ளி,
திருகாணி மூன்றை முடுக்கினேன்.
நாலாவது
சலவை இயந்திரத்துக்கு அடியில் உருண்டுபோய்
அங்கேயே குடியேறிவிட்டது.
இருபத்துநாலு முனைச் செருகி
கட்டைவிரல் வெளுக்கும்வரை இறங்கவில்லை.
மதர்போர்டு வளைந்தது, நான் கண்ணை மூடினேன்,
'கிளிக்'.
மேல் மூலையில் எட்டு முனை.
அங்கேதான் தகரம் விரலைக் கிழித்தது.

ரத்தம் துடைக்கக் கைக்கு வந்த தாள்
வழிகாட்டியாம்.
பதினான்கு மொழி. தமிழ் இல்லை.
மலாயில், என் ரத்தத்துக்குப் பக்கத்து வரி:
வேறு பெட்டியின் கம்பியை இதில் செருகாதே.

பின்தகட்டுக்குள்
பழைய பெட்டியின் வட்டுக் கம்பி இருந்தது.
போன தீபாவளிக்கு நான் அழகாகக் கட்டியது,
அவிழ்க்க மனம் வராமல் விட்டது.
அதன் மறுமுனையைச் சற்றுமுன்தான்
புதியதில் செருகியிருந்தேன்.
முனகாமல், முரண்டாமல்
ஒரே தொடலில் போய் உட்கார்ந்தது.
ஐந்து வோல்ட் வரவேண்டிய ஊசியில்
பன்னிரண்டு காத்திருக்கலாம்;
வெளியே பார்த்தால் அதே வாய், அதே பல்.
மற்றதெல்லாம் மல்லுக்கு நின்றபோதே
இது மட்டும் ஏன் இத்தனை நல்லபிள்ளை என்று
எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அந்த வட்டில்
மூன்று வருட ஆட்டம்,
அப்பாவின் சேமநிதிப் பாரம்,
செத்துப்போன டைசன்
ஓணானைத் துரத்தும் இருபது விநாடி.

கட்டை வெட்டினேன். உருவினேன்.
பையைக் கவிழ்த்து
இதற்கென்றே பிறந்த கம்பியைத் தேடி எடுத்தேன்.

பின்புற சுவிட்ச். முன்புறப் பொத்தான்.
மற்ற விசிறிகள் சுழன்றன.
புதியதன் விசிறி அசையவில்லை.
அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்,
மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பதுபோல்.
காற்று இல்லை.
"போச்சா?" என்றான் மேகவர்ணன்
பல்லியிடமிருந்து திரும்பாமல்.
சூடேறினால்தான் சுற்றும் ரகம்.
படித்துத்தான் வாங்கினேன், மறந்துபோச்சு.
திரையில் நீலம் வந்தபிறகே
கையை எடுத்தேன்.

பதினோரு நாள் கழித்து உள்ளே போனால்
பட்டர்வொர்த்திலிருந்து அணித்தலைவன்:
"எங்கடா போய்த் தொலஞ்ச?"
மூன்று வருடமாய் அந்த 'டா'வை நான் திருத்தவில்லை.
"இடி விழுந்துருச்சு" என்று தட்டினேன்.
"உன்மேலயா?"
கட்டுப்போட்ட விரலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு
மீதி ஒன்பதால்:
"பக்கத்துல."